கெக்கெக்கெக், க்ர்ரூ, கர்ர்ர்: பூனை போடும் சத்தங்களுக்கு ஓர் அறிமுகம்

முருங்கை மரத்தில் அணில் ஏறுகிறது. ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருக்கும் பூனை அதைப் பார்த்துவிட்டது. காது நிமிர்கிறது, மீசை முன்னால் வருகிறது, வால் நுனி மட்டும் துடிக்கிறது. அடுத்த நொடி கீழ்த்தாடை கிடுகிடுவென்று நடுங்க, "கெக்... கெக்கெக்கெக்" என்று ஒரு சத்தம். மியாவும் இல்லை, சீறலும் இல்லை. முதன்முதலாகப் பூனை வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போவது சகஜம். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் புதிதாகப் பூனை எடுத்து வளர்க்கும் தம்பி ஒருவன், "அக்கா, இதுக்கு வலிப்பு வந்துடுச்சாக்கா?" என்று வாசலில் வந்து நின்றான்.

வலிப்பு இல்லை. வலிப்பு என்றால் உடம்பு விறைக்கும், நிலை தப்பும், கூப்பிட்டால் அதற்குத் தெரியாது. இதுவோ அணில் இலைக்குள் மறைந்ததும் நின்றுவிடும். பூனை ஒன்றுமே நடக்காத மாதிரி முன்னங்காலை நக்க ஆரம்பித்துவிடும். எட்டாத இரையைப் பார்க்கும்போது பூனை போடும் சத்தம் இது. குருவி, அணில், பல்லி, மழைக்குப் பிறகு குழல்விளக்கைச் சுற்றும் ஈசல், எதற்கு வேண்டுமானாலும் வரும். எல்லாப் பூனைக்கும் வராது. வீட்டுக்குள்ளேயே வளர்கிற பூனைகளிடம் நாம் இதை அதிகம் கவனிக்கிறோம், ஏனென்றால் அவற்றுக்கும் அணிலுக்கும் நடுவே எப்போதும் ஒரு கம்பியோ கண்ணாடியோ இருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. பிடிக்க முடியாத எரிச்சலும் பரபரப்பும் தாடை வழியாக வெளிவருகின்றன என்பது ஒன்று. எலியின் பிடரியைக் கவ்விக் கொல்லும் கடிக்குத் தாடை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவது விளக்கம்தான் சுவாரசியமானது. தென் அமெரிக்கக் காடுகளில் மார்கே என்று ஒரு சிறிய காட்டுப்பூனை உண்டு. 2005-இல் பிரேசிலில் மனாஸ் நகரத்தை ஒட்டிய காட்டில், அந்தப் பூனை டாமரின் என்னும் சின்னக் குரங்கினத்தின் குட்டியைப் போலவே குரல் கொடுத்து வளர்ந்த டாமரின்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்தார்கள். வேட்டை பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். இதை வைத்து, வீட்டுப் பூனையும் குருவிக் குரலைப் பாவனை செய்துதான் கெக்கெக்கென்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் படுகிறது. ஈசலுக்கு ஏது குரல், அதைப் பாவனை செய்ய? பரபரப்பு என்ற முதல் விளக்கமே எனக்குப் போதும்.

சரி, மற்ற சத்தங்களுக்கு வருவோம்.

பூனைச் சத்தத்துக்கு அகராதி கிடையாது. மியாவை மொழிபெயர்த்துத் தருகிறோம் என்று சொல்லும் செயலிகளுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஆனால் தொடக்கக்காரருக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது: சத்தம் வரும்போது பூனையின் வாயைப் பாருங்கள். 1944-இல் மில்ட்ரெட் மோல்க் என்பவர் வீட்டுப் பூனைகளின் குரலைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு 16 வகையாகப் பிரித்து எழுதினார். பதினாறையும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவர் போட்ட மூன்று பெரும் பிரிவுகள் போதும். வாயை மூடியபடி வரும் சத்தங்கள் ஒரு பிரிவு. வாய் திறந்து மெல்ல மூடும்போது வருபவை இரண்டாவது. வாயைத் திறந்து இறுக்கி வைத்தபடியே வருபவை மூன்றாவது. பொதுவாகச் சொன்னால், மூடிய வாய் நட்பு. திறந்து மூடும் வாய் எதையோ கேட்கிறது. இறுகித் திறந்த வாய் கோபம், பயம், வலி, இல்லையென்றால் இணை தேடும் அவஸ்தை. இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது, கெக்கெக்கே இதில் ஒழுங்காக அடங்காது. இருந்தாலும் இருட்டில் தடவுவதற்கு ஒரு சுவர் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூடிய வாயில் இரண்டு சத்தங்கள் முக்கியம். முதலாவது, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் "க்ர்ரூ". நாக்கைச் சுழற்றி ஒரு கேள்வி கேட்ட மாதிரி, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி முடியும். சில பூனைகளிடம் "ப்ர்ரப்" என்று சுருக்கமாக வரும்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுத் தறிக்கூடத்தில் இதை நன்றாகக் கேட்டிருக்கிறேன். கஞ்சி போட்ட பாவு இருக்கும் இடத்தில் எலித் தொல்லைக்குப் பஞ்சமில்லை, அதனால் தறிக்காரர்கள் பூனையை விரட்டுவதில்லை. பரணில் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு சாம்பல் பூனை குட்டி போட்டிருந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே காதில் விழாது. கரண்ட் போய்க் கூடம் சட்டென்று அடங்கும்போதுதான், தாய் பரணில் ஏறிக்கொண்டே "க்ர்ரூ, க்ர்ரூ" என்பது கேட்கும். உடனே பெட்டிக்குள் புரளுகிற சத்தம், ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்க்கும். வாயில் எலி இருந்தால்கூட அந்தச் சத்தம் வரும், வாயைத் திறக்க வேண்டியதில்லை அல்லவா. நான்கு வாரக் குட்டிகள் தங்கள் தாயின் இந்த அழைப்பை வேறு தாயின் அழைப்பிலிருந்து பிரித்தறிகின்றன என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குட்டிகளை அழைக்கும் அதே சத்தத்தை வளர்ந்த பூனை நம்மிடமும் போடுகிறது. வெளியே போய்விட்டு வந்து, வாலைக் கம்பமாகத் தூக்கிக்கொண்டு, நம்மைத் தாண்டிப் போகிற போக்கில் ஒரு "க்ர்ரூ". சாப்பாடு கேட்கவில்லை. "வந்துட்டேன்" என்கிறது, அல்லது "என் பின்னாடி வா" என்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காலித் தட்டைத்தான் காட்டும், அது தனிக் கதை.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த "கர்ர்ர்", மடியில் படுத்துக் குறுகுறுப்பது. தெரிந்த சத்தம்தான், ஆனால் இதற்குள் இருக்கும் புதிர் பெரியது. மியாவ் மூச்சை விடும்போது வருவது. குறுகுறுப்போ மூச்சை இழுக்கும்போதும் வரும், விடும்போதும் வரும். பூனையின் விலாவில் கையை வைத்துப் பாருங்கள், மூச்சு திரும்பும் இடத்தில் ஒரு சின்ன தடுமாற்றம் மட்டும் தெரியும், மற்றபடி நிற்காது. நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 அதிர்வுகள். அவ்வளவு தாழ்ந்த சத்தம் நாலு கிலோ மிருகத்திடமிருந்து எப்படி வருகிறது? குரல்வளை சிறியதாக இருந்தால் குரல் கீச்சென்றுதானே இருக்க வேண்டும்?

மூளைதான் தொண்டைத் தசைகளை நொடிக்கு முப்பது தடவை இறுக்கித் தளர்த்துகிறது என்றுதான் நெடுங்காலம் பாடமாகச் சொல்லப்பட்டது. 2023-இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளைகளை எடுத்து, அவற்றுக்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் செலுத்தினார்கள். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் குறுகுறுப்பின் அதே தாழ்ந்த அதிர்வு வந்தது. காரணம், பூனையின் குரல் நாண்களுக்குள் திண்டு போல ஒரு திசுத் திரட்சி இருக்கிறது. வீணையில் மந்தரத் தந்திக்கு மேலே கம்பி சுற்றிக் கனமாக்கியிருப்பார்களே, அதனால்தான் அதே நீளத்தில் தாழ்ந்த சுரம் பேசுகிறது. இங்கும் அதே வேலைதான்: கனம் கூடியதால் நாண் மெதுவாக அதிர்கிறது. உயிருள்ள பூனையில் மூளைக்குப் பங்கே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பூனையின் விருப்பம்தான். ஆனால் ஒவ்வொரு அதிர்வுக்கும் தனித்தனிக் கட்டளை தேவையில்லை என்று ஆகிவிட்டது.

குறுகுறுத்தால் பூனை சந்தோஷமாக இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் சந்தோஷம்தான். ஆனால் பிரசவ வலியிலும், அடிபட்டுக் கிடக்கும்போதும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை குறுகுறுக்கும். பிறந்து சில நாளிலேயே குட்டி பால் குடித்துக்கொண்டே இதைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. தாயும் பதிலுக்குக் குறுகுறுக்கும். பக்கத்தில் இரு, எனக்கு நீ வேண்டும் என்ற பொதுவான செய்தி அது. அந்தச் செய்தியைச் சொல்ல சுகத்திலும் காரணம் உண்டு, வலியிலும் உண்டு. இந்த அதிர்வு எலும்பைக் கூட்டும், மனிதருக்கு ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையெல்லாம் வீட்டுப் பூனையை வைத்து யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

குறுகுறுப்பில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டூர் மீன் வாங்கி வந்து அண்ணி கொல்லையில் அருவாமனையைப் போட்டு உட்காருகிறாள். ஜிலேபிக் கெண்டையின் செதிலைச் சுரண்ட ஆரம்பிக்கும் முன்பே பூனை ஆஜர். காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறது, குறுகுறுக்கிறது. ஆனால் மடியில் படுத்துக் குறுகுறுப்பது மாதிரி இல்லை. உள்ளுக்குள்ளே மெல்லிய ஓர் அழுகை இழையோடுகிறது. "இரு இரு, கொடுக்கிறேன்" என்று அண்ணி தன்னை அறியாமல் குடலை ஒதுக்கி வைத்துவிடுகிறாள். இதைத்தான் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் காரன் மெக்கோம்ப் 2009-இல் ஆராய்ந்தார். விடிகாலையில் அவரை எழுப்பும் சொந்தப் பூனைதான் ஆராய்ச்சிக்கே தூண்டுதல். சோறு கேட்கும் குறுகுறுப்பில், தாழ்ந்த அதிர்வுக்கு மேலே ஓர் உயர்ந்த கீச்சுக் கூறு இருக்கிறது; அதன் அதிர்வெண் கைக்குழந்தையின் அழுகைக்கு அருகில் வருகிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கு அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டியபோதுகூட, சாதாரணக் குறுகுறுப்பைவிட இது அவசரமாகவும் கொஞ்சம் தொந்தரவாகவும் ஒலிக்கிறது என்றார்கள். அந்தக் கீச்சை மட்டும் கணினியில் நீக்கியதும் அவசரமும் குறைந்துவிட்டது. குழந்தை அழுதால் எழுந்து ஓடும் நம் காதை, பூனை கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டது என்றே சொல்லலாம்.

அடுத்தது மியாவ். குட்டி தாயைக் கூப்பிட மியாவ் சொல்லும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் பேச இதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. வாசனை, வால், காது, பார்வை ஆகியவற்றாலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். மியாவ் பெரும்பாலும் நமக்கென்று வைத்திருக்கும் சத்தம். நாம் மோப்பம் பிடிக்க மாட்டோம், வால் அசைவு நமக்குப் புரியாது, குரல் கொடுத்தால்தான் திரும்பிப் பார்ப்போம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தெரிந்துகொண்டன போலிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிக்காஸ்ட்ரோ 2004-இல் வீட்டுப் பூனையின் மியாவையும், அதன் மூதாதை வழியான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் மியாவையும் ஒப்பிட்டார். வீட்டுப் பூனையின் குரல் குறுகியது, சுருதி கூடியது. கேட்டவர்களுக்கு அதுவே இனிமையாகவும் பட்டது.

சரி, அப்படியானால் எல்லாப் பூனைக்கும் ஒரே மியாவ் மொழியா? இல்லை, இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. 2015-இல் ஒரு சோதனையில், பூனை சோற்றுக்குக் கத்தியதா, கதவைத் திறக்கக் கத்தியதா, கவனிக்கச் சொல்லிக் கத்தியதா என்று பதிவுகளைப் போட்டுக் கேட்டார்கள். தம் சொந்தப் பூனையின் குரலை வளர்ப்பவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். முன்பின் தெரியாத பூனையின் குரல் என்றதும் அவர்களுக்குக் குருட்டுக் கணக்குதான். அதாவது உங்கள் வீட்டு மியாவுக்கு அர்த்தம் உங்கள் வீட்டுக்குள்தான்.

அந்த அர்த்தம் எப்படி உண்டாகிறது என்று யோசித்தால் எளிது. பூனை ஏதோ ஒரு விதமாகக் கத்திப் பார்க்கிறது. எந்தக் கத்தலுக்கு நாம் எழுந்து போனோமோ அந்தக் கத்தல் நிலைத்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் கருப்பி கொல்லைக் கதவுக்கு "ம்மெ" என்று பாதியில் வெட்டிச் சொல்லும். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் வேண்டும், கிண்ணத்துத் தண்ணீர் வேண்டாம் என்றால் "ம்மியேஏஏவ்" என்று இழுக்கும். தெருமுனை வீட்டுப் பூனை இதே இழுப்பை இழுத்தால் அதற்கு வெளியே போக வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு உங்கள் பூனை முகத்தருகே வந்து கத்துகிறதென்றால், என்றோ ஒரு நாள் அந்த நேரத்தில் எழுந்து பால் ஊற்றியிருக்கிறீர்கள். அதை மறக்க வைக்க வேண்டுமென்றால் கத்தும்போது எழுந்திருக்கவே கூடாது. ஒன்பது நாள் பல்லைக் கடித்துப் பொறுத்து, பத்தாம் நாள் எழுந்தால், பத்து நாள் கத்தினால் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்த மாதிரிதான்.

சொந்த மொழி என்றாலும் ராகத்தில் ஒரு பொது ஒழுங்கு உண்டு. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஒலியியலாளர் சூசன் ஷொட்ஸ் பூனைக் குரலின் ஏற்ற இறக்கத்தை ஆராய்கிறவர். சாப்பாட்டுக்குக் கத்தும் மியாவ் முடிவில் மேலே ஏறும் போக்குடையது. மருத்துவரிடம் கூடையில் அடைத்துக்கொண்டு போகும்போது வரும் மியாவ் கீழே சரியும் போக்குடையது என்று அவர் குழுவின் பதிவுகள் காட்டின. பேருந்தில் கூடையோடு ஒரு முறை போய்வந்தவர்களுக்கு அந்தச் சரியும் "மௌ...ஊஊ" மறக்காது. பக்கத்து இருக்கைக்காரர் நம்மை ஏதோ கொலைகாரர் மாதிரி பார்ப்பார்.

பூனையின் காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர் வீடுகளில் பூனைக் கழுத்தில் அழகாகச் சலங்கை கட்டிவிடுவதைப் பார்க்கலாம், வெள்ளி ஊரில் அந்த ஆசை இயல்புதான். மனிதக் காது 20,000 ஹெர்ட்சோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும், எலிகள் தங்களுக்குள் பேசும் நுண்ணொலி அந்த எல்லைக்குள் வருகிறது. அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கிணுகிணுவென்று ஒன்று எதற்கு? குருவிகளைக் காப்பாற்றத்தான் மணி என்றால் அது நியாயமான காரணம். அழகுக்கு என்றால் கழற்றிவிடலாம் என்பது என் கட்சி.

இனி வாயை இறுக்கித் திறந்துவைத்துப் போடும் சத்தங்கள். "புஸ்ஸ்" என்ற சீறலும் "உர்ர்" என்ற உறுமலும் விளக்கம் தேவைப்படாதவை. ஒன்று மட்டும்: சீறுவது சண்டைக்கு அழைப்பு அல்ல, சண்டையைத் தவிர்க்கும் முயற்சி. "கிட்ட வராதே" என்று வாயால் சொல்லிவிட்டால் நகத்துக்கு வேலை வராது. சீறியதற்காகப் பூனையை அடித்தால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே பிறாண்டும். விலகி நில்லுங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், தப்பிக்க வழி விடுங்கள். அவ்வளவுதான்.

இரவுக் கூச்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் சித்தி வீடு. மலையில் இரவு சீக்கிரம் அடங்கிவிடும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கினால் பக்கத்து லயத்துப் பேச்சுகூடக் கேட்காது. அந்த அமைதியில் திடீரென்று காப்பிக் களத்திலிருந்து பச்சைக்குழந்தை அலறுவது போல "ஆ...ஓ...வாஆஆஊ" என்று கிளம்பும். முதல் தடவை போகிறவர்களுக்குக் குலை நடுங்கும். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று சித்தி சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவாள்.

நடப்பது இதுதான். பருவத்துக்கு வந்த பெட்டைப் பூனை கடுவனைத் தேடிக் கூப்பிடுகிறது. தரையில் புரளும், பின்பக்கத்தைத் தூக்கும், கண்டவர் காலில் எல்லாம் உரசும், இரவு முழுக்கக் கத்தும். வலியில் துடிக்கிறது என்று நினைத்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. குரல் கேட்டுக் கடுவன்கள் வரும். ஒன்றுக்கு மேல் வந்தால் நேருக்கு நேர் நின்று நீளமாக ஊளையிட்டுக்கொள்ளும், அசையாமல். நாம் கேட்கும் பயங்கரக் கூச்சலில் பாதி இந்தக் கடுவன்களின் வாய்ச்சண்டைதான். இணை சேர்ந்து பிரியும் கணத்தில் பெட்டை வீரிட்டு ஒரு அலறல் போடும், கடுவனின் உறுப்பில் பின்னோக்கிய சிறு முட்கள் இருக்கின்றன. பூனைக்கு முட்டை பொதுவாகத் தானாக வெளிவருவதில்லை, பெரும்பாலும் இணை சேர்ந்த தூண்டுதலுக்குப் பிறகே வெளிவரும். அதனால் இணை கிடைக்காத பெட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் இது. நம் பக்கம் பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, ஆகவே இன்ன மாதம் என்று கிடையாது.

சொம்புத் தண்ணீரால் இது நிற்காது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் நிற்கும். பெட்டைக்கு நாலைந்து மாதத்திலேயே சினைப்பருவம் வந்துவிடலாம், சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பாவம் பார்த்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், கடைசியில் குட்டிகளைச் சாக்கில் போட்டு யாரோ சந்தையோரம் விட்டுவருகிறார்கள். அறுவை சிகிச்சை பாவம் என்பவர்கள் அந்தச் சாக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

கருத்தடை செய்த பூனை இரவில் கத்தத் தொடங்கினால் காரணம் வேறு. வயதான பூனை நடு இரவில் கூடத்தின் நடுவே நின்று, யாரையும் பார்க்காமல் பெரிய குரலில் கத்துகிறதென்றால், தைராய்டு மிகுதி, ரத்த அழுத்தம், காது மந்தம், மூதுமறதி என்று பல இருக்கலாம். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆகவே "வயசாயிடுச்சு, புலம்புது" என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளை முடியும் நீலக் கண்ணும் உள்ள பூனைகளில் பிறவிச் செவிடு அதிகம். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவை ஊருக்கே கேட்கும்படி கத்தும்.

கடுவன் பூனை மண்தட்டில் போய்ப் போய்க் குந்தி, சொட்டுக்கூட வராமல், அடித்தொண்டையில் முனகினால் அன்றே மருத்துவர். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பல வீடுகளில் நடக்கிறது.

தறி ஊருக்கென்றே ஒரு சத்தம் உண்டு: "ஓக், ஓக்" என்ற ஓங்கரிப்பு. முடியுருண்டையை வெளியே தள்ளவும் பூனை இப்படிச் செய்யும், ஒரு தடவை கக்கிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் நூலோடு விளையாடி நூலை விழுங்கியிருந்தால் ஓங்கரிப்பு நிற்காது, சாப்பாடு இறங்காது. பூனையின் நாக்கு முட்கள் உள்நோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப அதனால் முடிவதில்லை. நாக்கடியிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடலைச் சுருக்கி அறுத்துவிடும். நுனியை அப்படியே விட்டுவிட்டு உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கழுத்தை நீட்டித் தரையோடு பம்மிக்கொண்டு, எதுவும் கக்காமல் அடிக்கடி இருமினால் அது முடியுருண்டையாக இல்லாமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

அப்புறம், பதில் சொல்வது. பூனையிடம் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பூனைக்குத் தன் பெயர் மற்றச் சொற்களிலிருந்து வேறாகத் தெரிகிறது என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழு 2019-இல் காட்டியது. வளர்ப்பவர் கொஞ்சுகிற தொனியில் தன்னிடம் பேசுவதையும் இன்னொரு மனிதரிடம் பேசுவதையும் பூனை வேறுபடுத்துகிறது என்று 2022-இல் பிரான்சில் நடந்த ஆய்வு சொன்னது. அதே கொஞ்சலை அந்நியர் செய்தால் பூனை கண்டுகொள்ளவில்லை. ஆகவே "என்னடி கண்ணு, எங்க போயிட்டு வர்ற" என்று கேட்பது வீண்பேச்சு இல்லை. க்ர்ரூவுக்கு க்ர்ரூ என்றே பதில் சொல்லிப் பாருங்கள், பல பூனைகள் திரும்பச் சொல்லும். கெக்கெக்குக்குப் பதில் சொல்ல வேண்டாம், அது நம்மிடம் பேசவில்லை.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் வேலை ஒன்றுதான்: பூனை நன்றாக இருக்கும் நாட்களிலேயே அதன் வழக்கமான சத்தங்களை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசித்திரமான சத்தம் வந்தாலும் உடனே எடுங்கள். வீட்டில் அவ்வளவு கத்திய பூனை மருத்துவர் மேசையில் ஏறியதும் வாயே திறக்காது. "நேத்து ராத்திரி ஒரு மாதிரி கத்துச்சு டாக்டர்" என்று நாம் நடித்துக் காட்ட வேண்டியதாகிவிடும். எடுக்கும்போது பூனையின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். வாய் திறந்திருக்கிறதா, வயிறு எக்குகிறதா, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிற தூரத்தில் நின்று எடுங்கள். பின்னால் டிவி ஓடினால் அணைத்துவிடுங்கள்.